விரித்த பாயில் நான் படுத்த ஓணம்

கூடத்தில் பாய் விரித்திருந்தது. நான் போய்ப் படுத்தேன். அந்த இரண்டு நாட்களில் நான் செய்த தவறுகளிலேயே சின்னது அதுதான்.

போன ஓணத்தில் நடந்தது. திருவோணத்தன்று மத்தியானம், இலை எடுத்தாயிற்று. பால்பாயசத்தில் போளியைப் பிய்த்துப் போட்டு ஊறவைத்துச் சாப்பிடுவது எங்கள் திருவனந்தபுரத்து வழக்கம். வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஒரு வாய் உள்ளே போனபின் பேசமாட்டார்கள். நானும் பேசாமல்தான் சாப்பிட்டேன், அளவில்லாமல். எழுந்தபோது வயிறு முன்னே போயிற்று, நான் பின்னால் போனேன்.

கோரைப்பாய். நேர் மேலே மின்விசிறி. பாயின் நான்கு பக்கமும் நான்கு தலையணை. என் மனைவி செண்பகத்துக்கு என்மேல் இத்தனை கரிசனமா என்று நெகிழ்ந்துபோய், ஒன்றைத் தலைக்கும் ஒன்றைக் காலுக்கும் எடுத்துக்கொண்டேன்.

செண்பகம் ஜன்னலோரம் நின்று கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓணக்கோடிப் புடவை கசங்காமல் இருந்தது. தலையில் பிச்சிப்பூ.

"இஞ்ச பாருங்கோ," என்றாள் திரும்பாமலே. "அது உங்களுக்கு விரிச்சது இல்லே."

"பின்னே ஆருக்கு?"

அவள் மறுபடி கேட்டையே பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

அந்தப் பாய் யாருக்கு என்று சொல்லுமுன் நான் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். போன வாரம் இந்தப் பத்தியில் பொன்முடி ஏற்றத்தில் பஸ் நின்றுபோன கதையை எழுதப்போய், விதுரா சந்தையிலேயே உட்கார்ந்துவிட்டேன் என்று ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். நியாயம்தான். இந்தத் தடவை சீக்கிரம் திரும்பிவிடுகிறேன்.

ஊரை அனுப்பிவைத்தவன்

தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் அரசுப் போக்குவரத்தில் இருந்தவன். பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்துவிட்டுத் தம்பானூர் நிலையத்தில் பஸ்களோடு மல்லுக்கட்டினேன். ஓணம் வந்தால் ஊரெல்லாம் வீட்டுக்குப் போகும். அவர்களை அனுப்பிவைக்க நான் வீட்டைவிட்டுப் போவேன். எத்தனை ஓணம் அப்படிப் போயிற்று என்று கணக்கு வைக்கவில்லை. செண்பகம் வைத்திருக்கக்கூடும், கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு உத்திராடத்தன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். திருவோணத்துக்கு முந்தின நாளான உத்திராடத்தில் ஊரே கடைக்கும் பஸ்ஸுக்குமாக ஓடும். உத்திராடப் பாய்ச்சல் என்றே அதற்குப் பெயர். விசாரணை ஜன்னலில் இருந்தவர் மயங்கி விழாத குறையாக எழுந்து போனதால், அன்றைக்கு நானே அங்கே உட்கார்ந்திருந்தேன். வேர்வை, நேந்திரங்காய் வறுவல், நனைந்த குடை, மல்லிகை எல்லாம் ஒரே வாசனையாக உள்ளே வந்தது. யாரோ ஒரு பெண்மணி பக்கவாட்டில் வந்து கையை நீட்டினாள்.

"வரிசையில நில்லுங்கம்மா," என்றேன் தலை நிமிராமல்.

அவள் போய் வரிசையில் நின்றாள். வரிசை கழிப்பறை வரைக்கும் நீண்டிருந்தது. அவள் முறை வந்தது.

"நாகர்கோயிலுக்கு வண்டி உண்டுமா சார்? அம்மை வீட்டுக்குப் போணும். கட்டினவரு வீட்டுக்கு வாறதே இல்லே."

"கடைசி பிளாட்ஃபாரம். அடுத்தவங்க வாங்க."

சோற்றுப் பாத்திரத்தை ஜன்னல் படியில் 'டங்' என்று வைத்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். செண்பகம். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. பின்னால் நின்ற ஒரு கிழவர், "சேச்சி, வேகம்," என்று அவளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். பாத்திரத்தில் அடைப் பிரதமன் இருந்தது. அதை நான் எப்போது சாப்பிட்டேன் என்பது ஞாபகத்தில் இல்லை. அவள் முகம் இருக்கிறது.

ஓய்வு பெற்றபின்னாவது வீட்டில் இருந்தேனா என்றால், அதுவும் இல்லை. எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவரானேன். திருவோணம் வந்தால் அத்தப்பூக்களம் என்ற பூக்கோலத்துக்கு மார்க் போடுவது, வடம்வலி என்ற கயிறிழுப்புக்கு விசில் ஊதுவது, மாவேலி ராஜாவாக வேஷம் போட்டவரின் தொப்பைக்குத் தலையணை கட்டுவது என்று எல்லாம் நானே. சாப்பாடும் சங்கத்துப் பந்தலில்தான். மேடையேறி, "ஓணம் என்பது குடும்பத்தோடு இருப்பது" என்று பேசியிருக்கிறேன். செண்பகம் அதை வீட்டுக்குள்ளிருந்து ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறாள்.

இதையெல்லாம் நினைக்கும்போது என் மனத்தில் எப்போதும் ஒரு படம் வரும். ஆளில்லாத வீடு. மூடிவைத்த சோறு. ஜன்னலோரம் செண்பகம், கண்ணில் நீர். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து நான் ரொம்ப வருந்தினேன். சரிதானா என்று அவளிடம் ஒருநாளும் கேட்கவில்லை.

நான் வீட்டில் இருந்த லட்சணம்

போன ஆண்டு சங்கத்துக்குப் புதுத் தலைவர் வந்தார். நான் விலகிக்கொண்டேன் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். உண்மையில் தோற்றேன். அதே வாரம் ஹைதராபாத்திலிருந்து மகள் மாலதி பேசினாள்.

"அப்பா, நாங்க ரெண்டுபேரும் ஓணத்துக்கு வர்றோம். இந்தத் தடவையாவது வீட்டில இருப்பீங்களா? சும்மா, எங்களோட?"

இருப்பேன் என்றேன். இருந்தேன். எப்படி இருந்தேன் என்பதில்தான் சங்கடம்.

பஸ் நிலையத்தை நடத்தியவனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. உத்திராடத்தன்று காலையிலேயே சமையலறைக்குள் புகுந்து அவியலுக்குக் காய் நறுக்கினேன். அவியலுக்கு விரல் நீளத்துக்கு நறுக்கவேண்டும். நான் சீரான சின்னச் சதுரங்களாக நறுக்கி, முறத்தில் அணிவகுத்து வைத்திருந்தேன்.

செண்பகம் முறத்தைப் பார்த்தாள். "மக்ளே மாலதி, இஞ்ச வந்து பாரு. உங்க அப்பா பல்லில்லாதவங்களுக்கு அவியல் வைக்கப்போறாரு."

"அம்மா, பாவம். டிரை பண்ணுறாருல்லா."

"டிரை பண்ணட்டும். அடுக்களைக்கு வெளியிலே நின்னு பண்ணச் சொல்லு."

வெளியே வந்தவன் அடுத்ததாக ஒரு சட்டம் போட்டேன். பூக்களத்துக்குப் பூ வைத்திருந்த பிரம்புக்கூடையைக் கவிழ்த்துத் தட்டி, எல்லோர் கைப்பேசியையும் அதற்குள் போடச் சொன்னேன். ஒலியை அணைத்துவிட்டுத்தான் போடவேண்டும். திருவோணம் முடிகிறவரை யாரும் எடுக்கக்கூடாது. கூடை அலமாரி உச்சியில். ஒருவரோடு ஒருவர் இருப்போம் என்று அதற்கு ஒரு சின்ன உரையும் ஆற்றினேன். மருமகன் சுரேஷ் நல்ல பிள்ளை. வேலை போனாலும் பரவாயில்லை என்கிற முகத்தோடு போட்டார். செண்பகம் மட்டும் கேட்டாள்.

"எனக்கு ஒரு ஆளைக் கூப்பிடணுமே?"

"நாளை மறுநாள் கூப்பிடலாம். இது குடும்பத்துக்கான நேரமாக்கும்."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு போனைக் கூடையில் போட்டாள். "செரி. கூப்பிடாட்டாலும் வருவாளுக," என்று தனக்குள் சொன்னது போலிருந்தது. யார் என்று கேட்டிருக்கலாம். அப்போது நான் கூடையை எந்தத் தட்டில் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கேட்டில் நான் சொன்ன வார்த்தை

அன்று சாயங்காலம் கேட்டைப் பூட்டப் போனபோது ஏலியாம்மா டீச்சர் வந்தார். நான்கு வீடு தள்ளி இருப்பவர். பாறசாலைப் பக்கம் பள்ளியில் வேலை பார்த்ததால் தமிழ் நன்றாக வரும்.

"சாரே, நாளைக்கு ஊண் கழிஞ்ஞு நாங்க வரலாமில்லே? செண்பகத்தோட போன் எடுக்கறதே இல்லை."

சாப்பாடு முடிந்து வாழ்த்துச் சொல்ல வருகிறார்கள் என்று நினைத்தேன். வாழ்த்து இன்னொரு நாள் சொல்லலாமே. சொன்ன சொற்களை மாற்றாமல் எழுதுகிறேன். எழுதும்போதே காது சூடாகிறது.

"டீச்சரே, இந்த வருஷம் வேண்டாம். நாங்க வீட்டுக்காரங்க மட்டும் இருக்கலாம்னு வச்சிருக்கோம். பாவம் செண்பகம், எல்லா ஓணத்துக்கும் தனியாத்தான் இருந்தா. இந்த வருஷம் நான் இருக்கேன்லா."

டீச்சர் கேட்டிலிருந்து கையை எடுத்தார். "செண்பகம் தனியாவா?" என்றார். பிறகு, "செரி, சார் இருக்கீங்க இல்லே. ஹாப்பி ஓணம்," என்று நடந்துவிட்டார்.

நான் கேட்டைப் பூட்டினேன். ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு எனக்கு இருந்தது. உள்ளே போய்ச் செண்பகத்திடம் இதைச் சொல்லவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

பாய்க்கு உரியவர்கள்

இனி திருவோணத்து மத்தியானத்துக்கு, அந்தப் பாய்க்குத் திரும்புகிறேன்.

"எழும்புங்கோ," என்று செண்பகம் இரண்டாவது தடவை சொன்னபோது குரல் வேறாக இருந்தது. எழுந்தேன். அவள் குனிந்து பாயைச் சுருட்டினாள். சுருட்டும்போது இடுப்பிலிருந்து ஏதோ நழுவி விழுந்தது. ஒரு சீட்டுக்கட்டு. ஓரமெல்லாம் தேய்ந்து மழுங்கிப்போன கட்டு.

"இது என்ன?"

"சீட்டு. பாத்தா தெரியல்லியா?"

"நீ சீட்டு ஆடுவியா?"

"உங்ககிட்ட எத்தனை வாட்டி சொல்லியாச்சு. நீங்களும் 'ம்' போட்டியோ. ஏலியாம்மாளும் ஓமனாவும் கிழக்கேகோட்டையிலிருந்து ராஜம் மாமியும் திருவோணத்துக்கு ஊண் கழிஞ்சா இஞ்ச வந்திருவாளுக. இருபத்தெட்டுன்னு ஒரு சீட்டாட்டம் ஆடுவோம். விளக்கு வைக்கது வரை ஆடுவோம். மாலதி ஸ்கூல்ல படிக்கக் காலத்திலேயே தொடங்கினது."

நான் மாலதியைப் பார்த்தேன். "பின்னே? எனக்குக் கூட்டல் கழித்தல் பழகினதே அதில்தான்," என்றாள் அவள்.

நான் வருந்தி வருந்திப் பார்த்த அந்தப் படத்தில், அழுதுகொண்டிருந்த என் மனைவி எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சீட்டைக் கலைத்துப் போட்டாள். எனக்குக் கோபம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷத்து வருத்தமும் வீணாகப் போனால் யாருக்குத்தான் வராது?

ஆனால் செண்பகம் பாயை மூலையில் சாத்திவிட்டுச் சொன்ன வார்த்தையில் அந்தக் கோபம் நிற்கவில்லை.

"இந்த வருஷம் வரமாட்டாளுக. போன மாசம் ஏலியாம்மா வீட்டு ஆட்டத்துக்கு இடையில ஓமனாவ, 'உனக்கு எறக்கின சீட்டே ஞாபகம் இருக்காது, பின்னே எதுக்கு ஆட வாறே'ன்னு சொல்லிப்போட்டேன். அவளுக்கு மனசு நொந்து வெஷமமாயிட்டு. எல்லாரும் சேந்து என்னை வேண்டாம்னு வச்சிட்டாளுக. வாக்கு சூச்சிச்சு, பாத்துப் பேசத் தெரியாதவளுக்கு இது வேணும்."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். வேலைக்காரி மறுநாள் வந்து தேய்க்கவேண்டிய பாயச உருளியையும் வார்ப்புப் பாத்திரத்தையும் எடுத்துப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். புதுப் புடவையோடு.

அப்போதே நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. நாளிதழை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். உள்ளே உருளி தேய்க்கும் சத்தம். ஓமனாவிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று அவள் அங்கே யோசித்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே ஒரு முழுப்பக்க நகைக்கடை விளம்பரத்தைப் படித்து முடித்தேன்.

மாலதி வந்து நாளிதழை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"அப்பா, என்ன செஞ்சீங்க?"

"நானா? ஒண்ணும் இல்லையே."

"நகை விளம்பரம் படிக்கிறீங்க. முகமும் செரியில்லை."

அவளிடம் மெல்லிய குரலில் சொன்னேன், கேட்டில் நடந்ததை. அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். மூலையில் அரைத் தூக்கத்தில் இருந்த சுரேஷ் கண்ணைத் திறந்து, "மாமா, போச்சு," என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

"நீயே அம்மாகிட்ட சொல்லேன் மக்ளே."

"நானா? நல்லா இருக்கே. நீங்க போங்க."

அடுக்களை வாசலில்

போய் நின்றேன். முந்தின நாள் நான் நறுக்கிய சதுரக் காய் அவியல் ஒரு மூலையில் அப்படியே இருந்தது. யாரும் தொட்டிருக்கவில்லை.

"செண்பகம், அவங்க கோவிச்சுக்கிட்டு வராம இல்லை. நான்தான் வரவேண்டாம்னு சொன்னேன்."

உருளி சத்தம் நின்றது.

"எந்த வாக்கு சொன்னியோ? அதுபோலச் சொல்லுங்கோ."

சொன்னேன். "பாவம் செண்பகம்" என்ற இடத்தில் விழுங்கப் பார்த்தேன். அவள் விடவில்லை. முழுக்கச் சொல்லவைத்தாள்.

"எனக்குத் தனிமையாக்கும்?"

"அப்படி நினைச்சேன்."

"மொதல்ல கொஞ்சம் வருஷம் இருந்துது. இல்லேன்னு சொல்லல்லே," என்றாள். கையிலிருந்த சாம்பலைக் கழுவினாள். "அப்புறம் எனக்கு நேரம் தெகையல்லே, பத்தாம போச்சு. உங்க வருத்தத்துக்காக நான் இப்போ மறுபடியும் தனியா இருக்கணுமா?"

நான் அலமாரி இருந்த பக்கம் பார்த்தேன்.

"அந்தக் கூடையை எறக்குங்கோ. போனை எடுத்துத் தாங்கோ. இல்லே, வேண்டாம். நீங்களே நடந்து போய் விளிச்சுக் கூட்டிட்டு வாங்கோ. போன்ல விளிச்சா உங்களுக்கு எளுப்பமாப் போவும்."

சட்டை மாட்டிக்கொண்டு நடந்தேன். நான்கு வீட்டுத் தூரம், அன்றைக்குக் குறையவே மாட்டேன் என்றது. டீச்சர் வீட்டு முன்னறையில் மூன்று பேரும் இருந்தார்கள். இருபத்தெட்டு என்பது நான்கு பேர், இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஆடும் ஆட்டம். நான்காவது ஆளாக ஓமனாவின் கணவரைப் பிடித்து உட்காரவைத்திருந்தார்கள். அவர் சீட்டின் படம் எல்லோருக்கும் தெரியும்படி திருப்பிப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை.

ராஜம் மாமிதான் முதலில் பேசினார். அக்ரகாரத்துக் குரல், கண்ணாடிக்கு மேலே பார்வை. "வாங்கோ சார். உங்காத்துக்கு வர இனிமே டிக்கெட் எடுக்கணுமா? சொல்லிட்டேள்னா வரிசையில நின்னுடறோம்."

"தப்பு என்னுடையது. செண்பகத்துக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க எல்லாரும் வேணும்னே வரலைன்னு அவ நினைச்சிட்டா. ஓமனா, உன்னைப் பேசினதுக்கு வருத்தப்படுறா."

"என்னையா? எப்போ?" என்றாள் ஓமனா.

"பார்த்தேளா, இவளுக்கு ஞாபகமே இருக்காதுன்னு செண்பகம் சொன்னது வாஸ்தவம்தான்," என்றார் மாமி. ஓமனாவே முதலில் சிரித்தாள். டீச்சர் மட்டும் சிரிக்காமல் செருப்பைத் தேடி மாட்டினார்.

"வாறோம் சாரே. ஆனா சாருக்கு ஒரு சிட்சை உண்டு."

குணுக்கு

பாய் மறுபடி விரிந்தது. தலையணைகள் தத்தம் இடத்துக்குப் போயின. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. செண்பகம் ஓமனாவின் பக்கம் சீட்டுக்கட்டைத் தள்ளி, "கலைச்சுப் போடுட்டி," என்றாள். அவ்வளவுதான்.

டீச்சர் முற்றத்துத் தென்னைக்கடியில் உதிர்ந்து கிடந்த குரும்பை ஒன்றைப் பொறுக்கி வரச்சொன்னார். அதில் நூல் கட்டி வளையம் போட்டார். குணுக்கு என்பது அதற்குப் பெயர். ஆட்டத்தில் தோற்றவர் காதில் அதை மாட்டிவிடுவது இங்கே வழக்கம். அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தால்தான் கழற்றலாம்.

"நான் ஆடவே இல்லையே டீச்சர்?"

"ஆடாமலே தோத்தது சார்தானே? செண்பகம் ஜெயிச்சா எறக்கலாம்."

செண்பகமே மாட்டினாள். நூலைக் காதில் சுற்றும்போது அவள் விரலில் புளியும் சாம்பலும் மணத்தன. குரும்பை காதுமடலை இழுத்தது. மாலதி கூடையிலிருந்து கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தாள். நான் தடுக்கவில்லை. தடுக்கும் அதிகாரமெல்லாம் அன்றைக்குப் போய்விட்டது.

ஆட்டம் தொடங்கியது. என் மனைவியை நான் அதுவரை பார்த்ததில்லை என்று அப்போது தோன்றியது. ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, சீட்டை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்து, கண்ணை மட்டும் சுழற்றினாள். அதிகப் புள்ளிக்கு ஏலம் கேட்டாள். மாமியையே அதட்டினாள். சீட்டை இறக்கும்போது தரை அதிர்ந்தது. என்னிடம் அவள் ஒரு நாளும் இவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. பேசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

வெளியே யாரோ கேட்டைத் தட்டினார்கள். எழுந்து போனேன். தெருவில் வடம்வலி தொடங்கப்போகிறது, விசில் ஊத ஆள் இல்லை, சார் வரமுடியுமா என்று இரண்டு இளைஞர்கள் நின்றார்கள். என் காதையே பார்த்தார்கள்.

கால் தானாக வாசற்படியில் இறங்கியது. அதையும் ஒளிக்கவில்லை. அழைத்தால் போய்விடுகிற கால் இது.

"போணும்னா போங்கோ," என்றாள் செண்பகம் உள்ளிருந்து. சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இஞ்ச ஒருத்தரையும் கெட்டிப்போடல்லே."

"முடியாது தம்பி," என்றேன் இளைஞர்களிடம். "குணுக்கு இன்னும் இறங்கலை."

திரும்பி வந்து செண்பகத்தின் தோளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தேன். டீச்சர் அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைப் பங்கிட்டார். செண்பகம் சீட்டுகளை எடுத்து அடுக்கினாள். நெஞ்சோடு ஒட்டிப் பிடித்தாள். பிறகு, மற்ற மூவருக்கும் தெரியாமல், கையைக் கொஞ்சம் சாய்த்து என் பக்கமாகத் திருப்பினாள்.

இரண்டு குலான் இருந்தன. ஜாக்கியைத்தான் குலான் என்பார்கள். இந்த ஆட்டத்தில் ராஜாவைவிடப் பெரியவன் அவன்தான் என்று அதற்குள் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தேன். என் புருவம் மேலே போயிற்று.

"எதிராளிக உங்க முகத்தையே பாக்காளுக," என்று முணுமுணுத்தாள். "முகத்தை ஒழுங்கா வச்சிட்டு இருங்கோ."

வைத்துக்கொண்டு இருந்தேன்.